வகுப்பைவிட்டு ஏன் எழுந்து போகிறான்?

வழக்கமான ஆண்டில் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறக்கிறது. மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, குடமுருட்டி, வெட்டாறு, அரசலாறு என்று கிளைத்து, குறுவை நாற்றங்கால்வரை போய்ச் சேரும். ஏறக்குறைய அதே வாரங்களில்தான் பள்ளிக்கூடங்களும் திறக்கின்றன. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த வாய்க்கால், பிள்ளைகள் புதுப் புத்தகத்தோடு வரும் நேரத்தில் கரை தொட்டு ஓடிக்கொண்டிருக்கும். தஞ்சாவூரின் ஆற்றுப்பாசனப் பகுதியில் கூப்பிடு தூரத்தில் வாய்க்காலோ குளமோ இல்லாத ஊர்ப்பள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆட்டிசம் பற்றிய கட்டுரையைத் தண்ணீரில் தொடங்கக் காரணம் உண்டு. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குத் தண்ணீர்மேல் தனி ஈர்ப்பு இருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் சட்டென்று எழுந்து போய்விடும் பழக்கமும் அவர்களில் பலருக்கு உண்டு. 2012-இல் அமெரிக்காவில் 4 முதல் 17 வயதுக்குட்பட்ட 1,200-க்கும் மேற்பட்ட ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோரிடம் கேட்டபோது, நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது இப்படி வெளியேற முயன்ற குழந்தைகள் 49 விழுக்காடு என்று தெரியவந்தது. 2017-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் குவான், குவோஹுவா லீ இருவரும் நீரில் மூழ்கி இறந்த 23 ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் தனியாக அலைந்து போனவர்கள். பாதிப்பேர் மூழ்கியது குளங்களில். 15 வயதுக்குட்பட்ட ஆட்டிசக் குழந்தைக்கு நீரில் மூழ்கி இறக்கும் ஆபத்து மற்ற குழந்தைகளைவிட 160 மடங்கு என்பது இதே ஆய்வாளர்களின் கணக்கு. இவை அமெரிக்கக் கணக்குகள். அப்படியே எடுத்துத் தஞ்சாவூருக்குப் பொருத்த முடியாது. ஆனால் வேலி இல்லாத வாய்க்கால் ஓடும் ஊரில் ஆபத்து குறைவாக இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

ஆகவே ஆட்டிசம் குறித்த ஆசிரியர் பயிற்சி என்பது இந்த மண்ணில் பாடத்திட்டத்தோடு நிற்கும் விஷயம் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. அந்தப் பயிற்சியின் மொத்தச் சாரத்தையும் ஒரே கேள்விக்குள் அடக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்: இந்தப் பிள்ளை வகுப்பைவிட்டு ஏன் எழுந்து போகிறான்?

பெரும்பாலான பள்ளிகளில் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது. சேட்டை. அடம். வீட்டில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். அண்மைக் காலமாகச் செல்போனும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பழியை வீட்டின்மேல், அதிலும் தாயின்மேல் போடும் வழக்கம் மருத்துவத்திலிருந்தே வந்தது. 1943-இல் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் என்ற பெயரை மருத்துவ உலகில் நிலைநிறுத்தியது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, பாசம் காட்டாத தாய்மார்களால்தான் இது வருகிறது என்ற கருத்தைப் பெரிய மனிதர்களே பரப்பினார்கள். 1964-இல், ஓர் ஆட்டிசக் குழந்தையின் தந்தையுமான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் தமது புத்தகத்தில் அதை மறுத்தார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கருவில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவின் பங்கு மிகப் பெரியது என்பதைப் பின்வந்த பல நாட்டு ஆய்வுகளும் உறுதிசெய்தன. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு இது. நோய் அல்ல, தொற்றாது, வளர்ப்பின் குற்றமும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் சொல்லிவந்த ஒரு மதிப்பீடு, சுமார் 100 குழந்தைகளில் ஒருவர். நூறு பிள்ளைகள் படிக்கும் ஊர்ப்பள்ளியில் ஒருவர் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ளலாம். அவருக்குச் சான்றிதழ் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெண் குழந்தையாக இருந்தால் கண்டுபிடிக்கப்படாமலே வளர்ந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

எழுந்து போகும் பிள்ளையிடம் திரும்புவோம். முதல் காரணம் அவன் காதிலும் தோலிலும் இருக்கலாம். 2015-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஷூலமைட் கிரீன் குழுவினர் சிறுவர்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, போக்குவரத்து இரைச்சலைக் கேட்கவைத்தார்கள். சொரசொரப்பான கம்பளித் துணியைக் கையில் தேய்த்தார்கள். தொந்தரவுதான், ஆனால் தாங்கக்கூடியது. திரும்பத் திரும்ப வரும் இப்படிப்பட்ட தொந்தரவை மூளை சிறிது நேரத்தில் பழகிக்கொள்ளும், அதற்கு எதிர்வினை காட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். மின்விசிறிச் சத்தம் நமக்குக் கேட்காமலே போவது அதனால்தான். புலன் கூர்மை மிகுந்த ஆட்டிசச் சிறுவர்களின் மூளையில், அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டாலாவிலும் புலன்களுக்கான பகுதிகளிலும் அந்தத் தணிவு நடக்கவில்லை. முதல் முறை கேட்ட இரைச்சல் பத்தாவது முறையும் அதே வேகத்தில் தாக்குகிறது.

இதை நம் தொடக்கப்பள்ளி வகுப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து பாடி, ஆடி, கைதட்டிப் படிக்கிறார்கள். எழுத்து ஏறாமல் பயந்துகிடந்த பல பிள்ளைகளுக்கு இது நல்ல முறை. படங்களும் பொருள்களும் நிறைய இருப்பதால் ஆட்டிசப் பிள்ளைக்கும் இதில் பயன் உண்டு. ஆனால் அதே பாட்டும் கைதட்டலும் ஒரே அறைக்குள் எதிரொலிக்கும்போது, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரலும் சேரும்போது, வெளியே தொங்கும் தண்டவாளத் துண்டில் மணி அடிக்கும்போது, அவனுக்கு அது வலி. காதைப் பொத்திக்கொள்வான். பெஞ்சுக்கு அடியில் போவான். அதுவும் போதாவிட்டால் வெளியே ஓடுவான். 2012 ஆய்வில் பெற்றோர் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று: சகிக்க முடியாத ஒலியிலிருந்தும் பதற்றத்திலிருந்தும் தப்பிப்பது.

இரண்டாவது காரணம், அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத தவிப்பு. எம்ஐடியில் பணியாற்றும் இந்திய அறிவியலாளர் பவன் சின்ஹா 2014-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். ஒரு நிகழ்வுக்குப் பின் எது வரும் என்று முன்கூட்டியே கணிக்கும் வேலையை நம் மூளை இடைவிடாமல் செய்கிறது. ஆட்டிசத்தில் அந்தக் கணிப்பு தடுமாறுகிறது, அதனால் உலகம் ஓயாமல் திடுக்கிடவைத்துக்கொண்டே இருக்கிறது என்பது அவர் வாதம். ஆட்டிசத்தின் எல்லாக் கூறுகளையும் இது விளக்கிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே வழியில் நடப்பது, ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே கேள்வியை நூறு முறை கேட்பது இவற்றையெல்லாம் பிடிவாதம் என்று பாராமல், நிலையான ஒன்றைப் பற்றிக்கொள்ளும் முயற்சியாகப் பார்க்க இது கற்றுத்தருகிறது.

டெல்டாப் பிள்ளைக்கு இந்தத் தவிப்பு உச்சத்துக்குப் போவது ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பள்ளிக்கு விடுமுறை என்ற ஆட்சியரின் அறிவிப்பு பல நாள் அன்று காலையில்தான் வரும். அதற்குள் குளித்துச் சீருடை போட்டுப் பையை மாட்டியிருப்பான். மற்ற பிள்ளைகள் துள்ளிக் குதிக்கும் அந்த அறிவிப்பில் இவன் சுவரில் முட்டிக்கொண்டு அழுவான். விடுமுறை முடிந்து வரும் நாளில் பள்ளியே ஈரமாக, இடம் மாறி, நிவாரண முகாமாகக்கூட மாறியிருக்கலாம்.

இதற்கு உதவும் பொருளை ஓர் ஆசிரியை ஒரே மாலையில் செய்துவிடலாம். தேதி கிழிக்கும் காலண்டரின் பின்னட்டை ஒன்று, துணி மாட்டும் கிளிப்புகள், பத்துப் பன்னிரண்டு சிறு அட்டைகள். காலை உணவு, பிரார்த்தனை, தமிழ், கணக்கு, சாப்பாடு, விளையாட்டு, வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். வரிசையாகக் கிளிப்பில் மாட்டிவைத்து, ஒன்று முடிந்ததும் பிள்ளையே அதைக் கழற்றிக் கீழே உள்ள உறையில் போட வேண்டும். அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் 1972-இல் தொடங்கிய டீச் திட்டம் உலகெங்கும் பரப்பிய படக் கால அட்டவணை இதுதான். நம்மூருக்கு இதில் ஓர் அட்டை கூடுதலாகத் தேவை: குடை வரைந்த மழை விடுமுறை அட்டை. ஒன்று பள்ளியில், இன்னொன்று அம்மாவின் கையில். ஆனால் மழை வந்த பிறகு அதை எடுத்து நீட்டினால் பயன்படாது. வெயில் நாளிலேயே, புரட்டாசியிலேயே, விளையாட்டாகக் காட்டிப் பழக்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம், சொல்ல முடியாமை. பேச்சு வராத பிள்ளை எழுந்து போவதே ஒரு வாக்கியம்தான்: தண்ணீர் வேண்டும், கழிவறை போக வேண்டும், இந்தக் கணக்கு புரியவில்லை. படத்தைத் தொட்டால் பேசும் ஆவாஸ் என்ற செயலியைச் சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் உருவாக்கினார்கள். அது தமிழிலும் பேசும். இப்படிக் கருவியோ பட அட்டையோ கொடுத்தால் பிள்ளை வாய்திறந்து பேசாமலே போய்விடும் என்ற பயம் பெற்றோருக்கு உண்டு, சில ஆசிரியர்களுக்கும் உண்டு. இதுவரை நடந்த ஆய்வுகளில் பேச்சு குறைந்ததாகத் தெரியவில்லை, பலருக்குக் கூடியிருக்கிறது. பேசத் தெரிந்த பிள்ளைகளிடம் சிக்கல் வேறு விதமாக வரும். சொல்லுக்குச் சொல் பொருள் எடுத்துக்கொள்வார்கள். "பேசுனே, தோலை உரிச்சிடுவேன்" என்பது டீச்சருக்கு வாய்ப்பழக்கம். அந்தப் பிள்ளைக்கு அது நிஜம். மறுநாள் பள்ளிக்கு வர மறுப்பான், ஏன் என்று யாருக்கும் விளங்காது.

புரிந்துகொள்ள முடியாமை ஆட்டிசம் உள்ளவரிடம் மட்டுமே இருக்கிறது என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். தாமே ஆட்டிசம் உள்ளவரான சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் அதை மறுத்தார்: இரு பக்கமும் மற்றவரைப் புரிந்துகொள்ளத் திணறுகிறது, குறையை ஒருவர் தலையில் மட்டும் கட்டுகிறோம். இதைச் சோதிக்க எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கேத்தரின் குரோம்ப்டன் குழு 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. எட்டுப் பேர் வரிசையாக ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையில் கதை நன்றாகப் போய்ச் சேர்ந்தது. ஆட்டிசம் இல்லாதவர்களின் வரிசையிலும் அப்படியே. இருவரும் மாறி மாறி நின்ற வரிசையில்தான் விவரங்கள் வேகமாக உதிர்ந்தன. ஆசிரியர் பயிற்சிக்கு இதைவிட வலுவான நியாயம் எனக்குத் தெரியவில்லை. பிள்ளையைத் திருத்துவதற்கு முன்பு, பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் இடையில் எங்கே அறுகிறது என்று ஆசிரியர் கண்டுகொள்ள வேண்டும்.

இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? சட்டத்தில் இடம் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது; ஆசிரியர் கல்வி அனைத்திலும் மாற்றுத்திறன் பற்றிய பாடம் இருக்க வேண்டும் என்று 47-ஆம் பிரிவு சொல்கிறது. பி.எட். இரண்டாண்டுப் படிப்பானபோது, எல்லோரையும் உள்ளடக்கும் பள்ளியை உருவாக்குவது பற்றி ஒரு தாள் அதில் சேர்ந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தொகுப்பூதியத்தில் பல பள்ளிகளைச் சுற்றிவந்து, வீட்டிலிருக்கும் குழந்தைகளையும் தேடிப்போகிறவர்கள். திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. டெல்லியில் மெர்ரி பரூவா 1991-இல் தொடங்கிய ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம், ஆட்டிசத்துக்கென்றே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் வழியைக் காட்டியது. ஆட்டிசம் பற்றித் தமிழில் படிக்க எதுவுமே இல்லாத குறையை யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ போன்ற நூல்கள் போக்கின.

ஆனால் வகுப்பாசிரியருக்குக் கிடைப்பது என்ன? பெரும்பாலும் ஒரு கூடத்தில் ஒருநாள், திரையில் படங்கள், 21 வகை மாற்றுத்திறன்களின் பட்டியல், தேநீர், கையெழுத்து. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980 முதலே சொல்லிவந்தார்கள்: விளக்கமும் செய்துகாட்டலும் அறிவைத் தரும், வகுப்பறையில் அது நடைமுறைக்கு வர வேண்டுமானால், பயிற்சிக்குப் பிறகு ஒருவர் உடனிருந்து வழிகாட்ட வேண்டும்.

தஞ்சாவூருக்கு இது புதிய பாடம் அல்ல. புகையான் பூச்சி தாக்கிய வயலில் மருந்தை அடித்துத் தள்ளினால் என்ன ஆகும் என்று இங்குள்ள உழவர்களுக்குத் தெரியும். அதைத் தின்னும் சிலந்திகளும் நாவாய்ப்பூச்சிகளும் முதலில் சாகும், புகையான் முன்னிலும் பெருகும். இதை மேடைப்பேச்சால் புரியவைக்க முடியவில்லை. 1989-இல் இந்தோனேசியாவில் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. பிறகு இந்தியாவுக்கும் வந்தன. உழவர்கள் குழுவாக ஒரு பருவம் முழுக்க வாராவாரம் வயலிலேயே கூடுவார்கள். தூரைப் பிரித்துப் பார்ப்பார்கள், தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்வது எத்தனை என்று எண்ணுவார்கள், தாளில் வரைவார்கள், பிறகுதான் மருந்து வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள். ஆட்டிசத்துக்கான ஆசிரியர் பயிற்சியும் இப்படித்தான் நடக்க வேண்டும்: பள்ளியிலேயே, ஆண்டு முழுக்க, உண்மையான பிள்ளையைக் கவனித்து.

கவனிப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மூன்று கட்டம். அதற்கு முன்பு என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு என்ன நடந்தது. ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் அடிக்கடி வெளியே ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் எழுதிய பிறகு பார்த்தால், ஓடியதெல்லாம் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால். அந்த நேரத்தில் குழாயடியில் எவர்சில்வர் தட்டுகள் உரசத் தொடங்குகின்றன. மூன்றாவது கட்டத்தில் இன்னொன்று தெரிகிறது: ஓடியபோதெல்லாம் அவனைத் திட்டி வராந்தாவின் ஓரத்தில் தனியாக உட்காரவைத்திருக்கிறார்கள். டீச்சருக்கு அது தண்டனை. அவனுக்குக் கிடைத்ததோ அமைதியான இடம். ஓடினால் சத்தம் நின்றுவிடும் என்று பள்ளியே அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. வழி எளிது. மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் முன்னால் அவனையும் ஒரு நண்பனையும் தட்டுக் கழுவ அனுப்பலாம். ஓய்வு வேண்டும் என்று காட்ட ஓர் அட்டையைக் கையில் கொடுத்து, அதை நீட்டினால் போதும், ஓட வேண்டாம் என்று பழக்கலாம். அடிப்பதோ மிரட்டுவதோ 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது என்பது ஒருபுறம் இருக்கட்டும். அடித்தால் ஓடுவதற்கு இன்னொரு காரணம்தான் சேரும்.

இந்த நோட்டை ஆசிரியை தனியாகப் படித்துப் பொருள் காண்பது கடினம். இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டு, கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரங்களையும் ஏற்றிக்கொண்டு இருப்பவர் அவர். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. மாதம் ஒருமுறை சிறப்புப் பயிற்றுநர் வகுப்புக்குள் வந்து அரைநாள் உட்கார்ந்து, மாலையில் இருவரும் நோட்டைப் பார்த்துப் பேச வேண்டும். குறுவளமையக் கூட்டத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும் தத்தம் நோட்டைக் கொண்டுவர வேண்டும். அம்மாவையும் கூப்பிட வேண்டும். "டீச்சர், வீட்லயும் குக்கர் விசில் வந்தா இப்படித்தான் டீச்சர் வெளில ஓடுவான்" என்று அவர் சொல்லும் ஒரு வரி, இரண்டு வாரக் குறிப்பை உறுதிசெய்துவிடும். தஞ்சாவூரின் 14 ஒன்றியங்களுக்கும் இதைச் செய்யப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். சிறப்புப் பயிற்றுநர்களின் எண்ணிக்கை கூட வேண்டும், அவர்களுடைய வேலை நிரந்தரமாக வேண்டும். ஆண்டுதோறும் ஆள் மாறினால் பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பயிற்சிக்கு யார் யாரை அழைப்பது என்பதும் முக்கியம். பள்ளியின் மற்ற அலுவலர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்று 2016 சட்டத்தின் 17-ஆம் பிரிவே சொல்கிறது. காலை உணவு சமைப்பவர்கள், சத்துணவு அமைப்பாளர், தூய்மைப் பணியாளர், ஆட்டோவிலும் வேனிலும் பிள்ளைகளை ஏற்றிவருபவர். கதவு எப்போது திறந்திருக்கிறது என்று அறிந்தவர்கள் இவர்கள்தான். இவர்கள் அறிய வேண்டியவை இரண்டு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் இந்தப் பிள்ளை திரும்பாமல் இருக்கலாம், முன்னால் போய் நின்று கையை நீட்ட வேண்டும். காணோம் என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓட வேண்டும், மற்ற இடங்களைப் பிறகு தேடலாம். இந்த இரண்டையும் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் ஆகும். மேட்டூர் திறப்பதற்கு முந்தைய வாரத்தில், எல்லாப் பள்ளிகளிலும், சமையற்கூடத்தில் இருப்பவர்களையும் உட்காரவைத்து அதைச் சொல்லிவிடலாம்.